இரண்டு காதும் பூரண சுகம்

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
23-8-46, வெள்ளிக்கிழமை

பெங்களூரில் இருக்கும் அன்புள்ள அண்ணன் பிலோமின்ராஜ் அவர்களுக்குத் தங்கை மதலேன் வணக்கத்தோடு எழுதுவது.

முதலில் சுகம் விசாரித்துவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவதுதான் மரியாதை. ஆனால் இன்று காலை நான் சொல்லாமல் வந்துவிட்ட ஒரு வாக்கியம் தொண்டையிலேயே நிற்கிறது. அதை இறக்கி வைத்துவிடுகிறேன். "ஐயா, என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது." இவ்வளவுதான். டாக்டர் என்னைப் பார்த்தே கேட்டார். நான் "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனிச் சுகம். சர்வேசுரன் கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளையும், அவர் காது நீங்கலாக, சுகமாயிருக்கிறோம். உங்கள் சுகமும், அண்ணி சுகமும், குழந்தைக்குப் பல் முளைத்த விவரமும் எழுதவும். கீழே வருவதை அண்ணிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அண்ணிக்குத் தெரிந்தால் அவர்கள் அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் பாலக்கரைக்கே தெரியும்.

அவருக்குக் காது கேட்காது என்பது உங்களுக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு நாலு மாதமாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பர்மாவில் ஒரு பாலத்தைத் தகர்க்க வைத்த வெடி, திரி எரிந்து முடியும் முன்பே வெடித்துவிட்டதாம். அவரோடு பட்டாளத்தில் இருந்த கலீல் அண்ணன் பிற்பாடு சொன்னார். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார் என்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். இரண்டு வாரம் கழித்து, ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர்க் கூட்டம் பார்க்கப் போனோம். இவர் ஒரு மண் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பத்தடியில் அதிர்வேட்டுப் போட்டார்கள். கூஜாக்காரி காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். ஒரு குதிரை வண்டியோடு ஓடியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெதுவாகத் திரும்பி, "என்ன மதலேன், பசிக்குதா?" என்றார்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஒருவர் மறைத்து வைத்திருப்பதைக் கேட்பது, அவர் பெட்டியைத் திறந்து கடிதத்தைப் படிப்பது மாதிரி. எனக்கு அது ஆகாது. என் நோட்டுப் புத்தகத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று நான் மூன்று நாள் பேசாமல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் கேட்காமல் பழகிக்கொண்டேன். பேச வேண்டுமானால் நேராக முன்னால் போய் நிற்பேன். பொழுது சாய்ந்தால் விளக்கை என் முகத்துக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்வேன். கூப்பிட வேண்டுமானால் கட்டில் காலில் ஒரு தட்டு. கட்டில் அதிர்ந்தால் திரும்புவார். உதட்டைப் பார்த்தே முழுப் பேச்சையும் படித்துவிடுகிறார், அண்ணா. பின்னாலிருந்து வருவதும், வெற்றிலை போட்ட வாயும்தான் அவருக்கு எட்டாது. கோவிலில் முன்னால் நிற்கும் உபதேசியாரைப் பார்த்து முழந்தாளிடுவார். போன மாதம் உபதேசியார் கீழே விழுந்த ஜெபமாலையை எடுக்கக் குனிய, இவர் பிரசங்கத்தின் நடுவே முழந்தாளிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் இவரைப் பார்த்துத் தாங்களும் முழந்தாளிட, அதைப் பார்த்துப் பெண்கள் பக்கமும் முழந்தாளிட, சாமியார் ஒருகணம் திகைத்துப் பிரசங்கத்தைச் சட்டென்று முடித்துக்கொண்டார்.

காட்டூரிலிருந்து தயிர் கொண்டுவருகிற இருளாயி வெற்றிலை இல்லாமல் வாயைத் திறக்கிறவள் இல்லை. நான் குழாயடிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அவள் வருவாள். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, தயிர் வேணுமான்னு கேட்டா ஒங்க வூட்டுக்காரரு 'சௌக்கியம், ஒனக்கு?'ங்கிறாரு. என் சௌக்கியத்த நெதமும் கேக்குற ஒரே ஆம்பள அவருதான். அந்த மனுசன் கிட்ட வேணுமா வேணாமான்னு ரெண்டாந்தரம் கேக்கலாமா? அதான் நெதம் கால்படி ஊத்திட்டுப் போறேன்." நாலு மாதமாக எங்கள் வீட்டில் மோர்க்குழம்புதான்.

இது இப்படியே நடந்திருக்கும். சர்க்கார் பணம் ஒதுக்கியதுதான் வினையாக வந்தது. பட்டாளத்துக்குப் புதுக் குடியிருப்பும் கிடங்கும் கட்ட ஒரு பணம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வைத்தியம், பென்ஷன், வேலை பார்த்துக் கொடுக்க இன்னொரு பணம். திரும்பியவர் மெடிகல் போர்டு என்று ஒரு டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். உடம்பில் குறை இருந்தால் பென்ஷன் மனு. குறை இல்லாவிட்டால் கட்டட வேலைக்குச் சீட்டு. உங்கள் மாப்பிள்ளைக்கு என்று வைத்திருந்த வேலை, கல் குவாரியில் வெடி வைக்கிற மேஸ்திரி வேலை. அங்கே திரிக்கு நெருப்பு வைக்கும் முன் மூன்று தரம் விசில் ஊதுவார்களாம். கேட்டவன் ஓடுவான். கேட்காதவன் நின்றுகொண்டிருப்பான். அவருக்கு இதில் பயமே இல்லை. நாலு மாதமாக என் தையல் மெஷினுக்குத் தினம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மனிதர், வேலை என்று கேட்டதும் பழைய பூட்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான் நினைத்தது இதுதான்: நான் சொல்ல வேண்டாம், டாக்டர் படித்தவர், அவரே கண்டுபிடித்துவிடுவார், அவர் வாயால் வந்தால் சர்க்கார் சொன்னதாகப் போய்விடும், பெண்டாட்டி காட்டிக்கொடுத்ததாக இருக்காது.

இந்த யோசனையைக் கெடுத்தது நீங்கள். கோபிக்க வேண்டாம். பட்டாள டிப்போவில் நாளெல்லாம் டைப் அடித்து அலுத்த கையால், 'போர்டில் கேட்கும் கேள்விகள் பதினொன்று. இதே வரிசையில்தான் கேட்பார்கள். மாப்பிள்ளை பதறாமல் பதில் சொல்லட்டும்' என்று பாசமாக அடித்து அனுப்பினீர்களே, அதை அவர் தினமும் சாயங்காலம் என் கையில் கொடுத்துக் கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன். ஒருநாளாவது வரிசையை மாற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அண்ணா. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. எட்டாவது கேள்வி, 'கடிகாரச் சத்தம் கேட்கிறதா?' அவர் "நல்லா கேக்குது சார்" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி சும்மா இருப்பார். நான் "சரி" என்பேன். இரண்டு பேரும் அந்த இடத்தை மெதுவாகத் தாண்டி ஒன்பதாவதுக்குப் போவோம்.

இன்று காலை கலீல் அண்ணனும் எங்களோடு வந்தார். திரும்பி வந்த சிப்பாய்களுக்கென்று கட்டுகிற புது ஆபீஸில்தான் போர்டு. இந்த வருஷம் சுவருக்குப் பணம் வந்திருக்கிறதாம், கூரைக்கு அடுத்த வருஷம்தானாம். அதனால் நாலு சுவருக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிழக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் டாக்டர். அந்தப் பக்கம் இருபது பேர் கருங்கல் கொத்துகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை நுழைந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "ரெண்டு விரல் சாஞ்சிருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாதில்லையா. நல்லவேளை, அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

யாருக்குமே எதுவுமே கேட்கவில்லை. குமாஸ்தா பெயர் கூப்பிடுகிறார். பெஞ்சில் இருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "கலீல், கலீல்" என்று மூன்று தரம் கத்தினார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கலீல் அண்ணன் என்னிடம், "என்னம்மா சொல்றாரு?" என்றார். உங்கள் மாப்பிள்ளைதான் குமாஸ்தாவின் உதட்டைப் பார்த்துவிட்டு, "ஒன்னத்தான்யா கூப்புடுறாரு, எந்திரி" என்று அவரைத் தள்ளிவிட்டார். அந்த இடத்தில் காது கேட்ட ஒரே மனிதர் அவர்தான். கலீல் அண்ணன் கொஞ்ச நேரத்தில் பேயறைந்தவர் மாதிரி வெளியே வந்தார். "அதே பதினொண்ணுதான் தர்மராஜு, அதே வரிசைதான். அல்லா அறிய எனக்கு ஒண்ணுகூட கேக்கல. எல்லாத்துக்கும் 'என்னங்க, என்னங்க'ன்னேன். காது செவிடுன்னு எழுதிட்டாங்கப்பா" என்று இவரிடம் சொன்னார். ஊசி விழுந்தால் கேட்கிற மனிதர் அவர்.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். டாக்டர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்ப் பாதிக் கேள்விகளை வாயை மட்டும் அசைத்துக் கேட்டார். இவருக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. நம்பர், பட்டாளம், போன இடங்கள், எல்லாம் தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது. டாக்டர் எழுந்து அவருக்குப் பின்னால் போய்ச் சட்டைப்பைக் கடிகாரத்தைக் காதருகே பிடித்தார். எட்டாவது கேள்வி. "நல்லா கேக்குது சார்." டாக்டர் அந்தக் கடிகாரத்தைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். குலுக்கினார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு உங்கள் மாப்பிள்ளையை ஒரு தனி மரியாதையோடு பார்த்துவிட்டு எழுதினார்: 'இரண்டு காதும் பூரண சுகம்.'

எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்டுல ஏதாவது கொறை சொல்றாரா?" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் டாக்டருக்குக் கேட்கும்படி சொல்ல நானும் நாலு தரம் கத்த வேண்டியிருந்திருக்கும். ஆனால் ஒரு தரம் உதட்டை அசைத்தால் போதும், இவருக்குக் கேட்டுவிடும். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தினமும் சாயங்காலம் பார்ப்பதைப் போலவே. நான் படித்த கதைகளில் எத்தனையோ பெண்கள் ராஜசபையில் எழுந்து நின்று நியாயம் பேசியிருக்கிறார்கள். நான் பேசியதைத்தான் கடிதத்தின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன்.

வருகிற மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குக் குவாரியில் ஆஜராகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். வரும் வழியில் எனக்கு இரண்டு முழம் கதம்பம் வாங்கிக் கொடுத்தார். இப்போது பூட்ஸுக்குப் புது நாடா கோத்துக்கொண்டிருக்கிறார். விசிலடிக்கிறார், ராகமெல்லாம் எங்கேயோ போகிறது. அண்ணா, லீவு போட்டு ஒன்றாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். டிப்போ உத்தரவு என்று ஏதாவது ஒரு பொய் சொல்லி அவரை நிறுத்துங்கள். என்னால் முடியாது. அவர் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்குப் பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தை நெற்றியில் சிலுவை வரைந்து எனக்காக ஒரு முத்தம். சூசையப்பர் உங்கள் மேலதிகாரியின் மனதை இளக்கி லீவு வாங்கித் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
மதலேன்

பின்குறிப்பு, 26-8-46, திங்கட்கிழமை: லீவு போட வேண்டாம். இதை எழுதி, உறையை ஒட்டாமல், புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். வந்து பார்த்தால் நீங்கள் சிறுவயதில் செய்த அதே காரியத்தை உங்கள் மாப்பிள்ளை செய்து முடித்திருந்தார். ஓரத்தில் பென்சிலால் திருத்தம் வேறு. நான் எதையும் அழிக்கவில்லை, நீங்களே பாருங்கள். 'எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது' என்ற இடத்தில், 'தெரியும். விளக்கை நகர்த்திய அன்றே தெரியும்.' விசிலுக்குப் பக்கத்தில், 'மூன்றல்ல, இரண்டு.' சுவருக்குப் பக்கத்தில், 'இரண்டரை விரல்.' எட்டாவது கேள்விக்குப் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை, பென்சில் முனை ஒடிந்த புள்ளி மட்டும்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் வந்து நின்றார். இந்தப் பக்கம் திரும்பினேன். இந்தப் பக்கம் வந்தார். "கொஞ்சம் நில்லு மதலேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் என்னத்தப் படிப்பேன்?" என்றார். நின்றேன். பிறகு இருவரும் பேசினோம், அதை எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவரே டாக்டரிடம் போய், "எனக்குக் காது கேக்காது சார்" என்றார். டாக்டர் நம்பவில்லை. பென்ஷன் ஆசை வந்துவிட்டது என்று சிரித்தார். அன்று கல் கொத்துகிறவர்கள் அரைநாளோடு போய்விட்டார்கள், ஒரு சத்தமில்லை. டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் அவருக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தட்டைக் கீழே போட்டார். குமாஸ்தா துள்ளினார், நான் துள்ளினேன், துணைக்கு வந்திருந்த கலீல் அண்ணன் எல்லோரையும் விட உயரமாகத் துள்ளினார். இவர் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். டாக்டர் இரண்டு பேர் காகிதத்தையும் வாங்கித் திருத்தினார்.

குவாரிக்குக் கலீல் அண்ணன் போகிறார். இவருடைய பென்ஷன் மனு சென்னைக்குப் போயிருக்கிறது. பதில் எப்போது வரும் என்று குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. ஸ்டாம்ப் ஒட்டியதை வீணாக்கக் கூடாது என்று இந்தக் கடிதத்தை அவரே தபாலில் போடுகிறேன் என்கிறார்.

இன்று காலை இருளாயி வந்தாள். "வெத்தலையத் துப்பிட்டுச் சொல்லு, எனக்குக் காது கேக்காது" என்றார். அவள் துப்பிவிட்டு வந்து நேராக நின்று கேட்டாள். "இன்னைக்கு வேணாம்" என்றார். ரசம் வைத்தேன்.