சாட்பாட்டைக் கெடுத்த 'நெலவரம்' அண்ணன்

நாமக்கல்லில் மனிதர்களைவிட அதிகமாக உண்மை பேசும் இயந்திரம் ஒன்று உண்டு. அதைக் கெடுத்து வைத்த பெருமை முழுக்க 'நெலவரம்' அண்ணனையே சேரும்.

எங்களுடையது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. நான் கம்ப்யூட்டர் ஆள்; அவர் மேஸ்திரி. எந்த வண்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற நிலவரத்தை வெப்சைட்டில் தினமும் எழுதுவது அவர் பொறுப்பு. அதனால் வந்த பெயர். லாரி ஓனர்கள் போன் போட்டுக் குடைவதைத் தவிர்க்க நான் ஒரு சாட்பாட் வைத்தேன். யார் கேட்டாலும், அந்த நிமிடம் அண்ணன் வெப்சைட்டில் எழுதியிருப்பதை எடுத்து, நான் கொடுத்த கட்டளைகளுக்குக் கீழே சேர்த்துப் படித்துவிட்டு, அது நல்ல தமிழில் பதில் சொல்லும்.

சிக்கல் அண்ணனின் எழுத்தில் இருந்தது. ராசிபுரத்து ஓனர் ஒருவரின் வண்டிக்கு எழுதினார்: "பச்சைங்கறாரு, நீலங்கறாரு, மறுக்கா பச்சைங்கறாரு. இந்த மனுசனுக்குப் புத்தி ஒரு நெலைக்கு வரட்டும், அப்பறம் பெயிண்டு அடிக்கலாம்."

சாட்பாட் அதை மரியாதையாகத் திருத்தி அவருக்கே அனுப்பியது: "ஐயா, தங்கள் புத்தி ஒரு நிலைக்கு வந்ததும் வண்ணம் பூசப்படும். நன்றி."

மனிதர் பட்டறைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எனக்குப் புத்தியில்லீனு உங்க மிசினு சொல்லுது! வண்டிய இப்பவே எடுத்துட்டுப் போறேன்!"

"எடுத்துட்டுப் போங்க. சீட்டு இன்னும் மாட்டலீங்க, நின்னுக்கிட்டே ஓட்டோணும்," என்றார் அண்ணன். "கலரு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க."

ஓனர் யோசித்தார். "...செவப்பு?"

பட்டறை முதலாளி சிரிக்கவில்லை. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போயிருங்க," என்றார்.

"அண்ணா, வண்டி நிலவரம் மட்டும் எழுதுங்க," என்று கெஞ்சினேன்.

"ஆவட்டும் சாமி," என்றார்.

மறுநாள் சாட்பாட், கேட்டவர்களிடமெல்லாம் சாப்பாட்டை விசாரிக்க ஆரம்பித்தது. ஓடிப்போய் வெப்சைட்டைப் பார்த்தேன். நிலவரத்தின் கடைசியில் அண்ணன் எழுதியிருந்தார்: "கேக்கறவங்க சாப்டாங்களானு மொதல்ல கேளு. இல்லீனா சாப்டப் போகச் சொல்லு." அதையும் என் கட்டளை என்றே நம்பி, பேச்சையும் அண்ணன் மாதிரியே மாற்றிக்கொண்டது அந்த அப்பாவி.

"இது நிலவரமாண்ணா?"

"நாஞ் சொன்னாலும் கேக்குதே கண்ணு! இந்தப் பட்டறையில எம்பேச்சக் கேக்கற ஒரே ஆளு அதுதான்."

முதலாளி பின்னாலேயே நின்றிருந்தார். முகம் சரியில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு, அவரே ஒரு வண்டியைப் பற்றித் தட்டினார்.

"வணக்கங்க. சாப்டீங்களா?"

மணி நாலு. முதலாளியின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக, 'இன்னும் இல்லை' என்று தட்டினார்.

"மொதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க. வண்டி எங்கயும் போயிராது."

திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பைக் சாவியை எடுத்தார். கேட்டருகே போய், திரும்பாமலே சொன்னார்: "அந்த வரிய அழிச்சுப்போடாதீங்க."

போன வாரம் அண்ணன் காய்ச்சலென்று வரவில்லை. அந்த வரியைத் தொடாமல், வெப்சைட்டில் மற்றதெல்லாம் நானே சரியாக எழுதினேன். சாட்பாட்டும் எல்லாருக்கும் சரியாகப் பதில் சொன்னது. எனக்குத்தான் பட்டறையே ஊமையாகிவிட்டது போலிருந்தது. சாயங்காலம் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.