ஆடாதே அண்ணனும் கிராங்க் புல்லியும்

உலகத்தில் ஆடுகிற பொருள் எதுவானாலும் அதை நிறுத்தாமல் விடமாட்டேன் என்று பிறவி எடுத்த ஒரே மனிதர், எங்கள் ‘ஆடாதே’ அண்ணன்தான். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே தெரியாது. பம்ப் கம்பெனியில், சுழலும் பாகங்கள் ஆடாமல் சரிபார்க்கிற பேலன்சிங் செக்‌ஷனில் வேலை. டீக்கடை மேஜை ஆடினால், காலுக்கடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிவிட்டுத்தான் டீ சொல்வார். யாராவது உட்கார்ந்தபடி காலாட்டினால் தொடையில் கை வைத்து, “ஆடாதே” என்பார். வீட்டுக்காரர் தொடையிலும் ஒருமுறை வைத்தார்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கிய பழைய கார், சாவி திருப்பினாலே சாமி வந்த மாதிரி ஆடும். பெல்ட் வேறு கிறீச்சிடும்.

பிரசவத்துக்கு மத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அண்ணி, போனில் பேசியதை லைன் வீடே கேட்டது.

“நெறமாசத்துல அந்தக் கார்ல வந்து எம் பல்லெல்லாம் ஆடிச்சி. புள்ளைய அதுல ஏத்த மாட்டேன். ஞாயித்துக்கெழம பஸ்லயே வர்றேன்.”

“எம் பொண்ணு அவங்கப்பன் கார்லதான் வூட்டுக்கு வரும்.”

“கார் ஆடாம நின்னா சொல்லுங்க, ஏர்றேன்.”

அண்ணன் போனை வைத்த வேகத்தில் காருக்கடியில் போய்ப் படுத்துவிட்டார்.

மெக்கானிக் சொன்னபடி, இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டை ஏற்கெனவே மாற்றியாயிற்று. ஆட்டம் நிற்கவில்லை. இப்போது அண்ணன், பெல்ட்டைச் சுற்றவைக்கிற கிராங்க் புல்லியின் மேல் நடுவிலிருந்து விளிம்பு வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்தார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். பார்த்தால், கோடு இரண்டாக உடைந்து விலகி நின்றது.

“பாத்தியா! இது ஒரே இரும்பு இல்லடா. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, நடுவுல ரப்பர். பிஸ்டன் இடிக்கிற இடியில கிராங்க் ஷாஃப்ட் முறுக்கிக்கும். இந்த வெளிவளையம் ரப்பரப் புடிச்சிகிட்டு அந்த முறுக்க வாங்கிக்கும். கோவக்காரன் வூட்ல பொறுமையான மச்சான் மாதிரி. ரப்பர் வுட்டுப்போச்சி. மச்சான் கோவிச்சிகிட்டு கெளம்பிட்டாரு!”

சனிக்கிழமை, புது புல்லி வந்தது. உதவிக்கு லைன் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் வந்தோம். எல்லோரும் வண்டி கம்பெனி ஆட்கள். என்ன பயம்? ஆனால் பழைய புல்லியின் நடு போல்ட் அசையவே இல்லை. கம்பெனியில் போல்ட் முடுக்குகிற பசவராஜ் வியர்த்து விறுவிறுத்து எழுந்து, முடியாது என்று கன்னடத்தில் கையை விரித்தார்.

“ஆகல்ல குரு, ஆகல்ல.”

“ஏய்யா, நாளெல்லாம் நீ போல்ட்டுதானே போடற?”

“போடறேன் குரு. கழட்டி எவன் பாத்தான்? கழட்டறது நம்ம லைன்லயே இல்ல!”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வந்திருந்த அத்தனை பேரும் மாட்டுகிறவர்கள். வாழ்க்கையில் ஒருவரும் எதையும் கழற்றியதில்லை. கார் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் மட்டும் கைகட்டி நின்று ஓயாமல் யோசனை சொன்னார்.

அண்ணன் விடவில்லை. போல்ட்டோடு சேர்ந்து இன்ஜினும் சுற்றிவிடாமல் இருக்க, காரை டாப் கியரில் போட்டார். என்னை ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஸ்பானர் பிடியில் இரும்புப் பைப்பைச் செருகித் தொங்கினார். பைப் வளைந்தது. தடியான பைப் வந்தது. அதில் பசவராஜும் சேர்ந்து தொங்கினார்.

“மிதிடா! கால எடுத்தே, செத்தே!”

‘டொக்’கென்று ஒரு சத்தம். போல்ட் விட்டுக்கொடுத்தது. இரண்டு பேரும் கொய்யா மரத்தடியில் கிடந்தார்கள். அண்ணன் படுத்தபடியே சிரித்தார்.

புல்லர் போட்டுப் பழையதை இழுத்தாயிற்று. புதியதை உட்காரவைக்க ஸ்டிக்கர்காரர் சம்மட்டியோடு வந்தார். அண்ணன் குறுக்கே பாய்ந்தார். “எம் மேல அடி. அது மேல அடிச்சின்னா ரப்பர் இன்னிக்கே போயிரும்!” பிறகு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கியே புல்லியை உள்ளே இழுத்தார். கடைசி முறுக்குக்கு பசவராஜ் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார். “தள்ளு குரு. இது நம்ம ஸ்டேஷன் வேல.”

ஞாயிறு காலை அண்ணன் தனியாக மத்தூருக்குக் கிளம்பினார். மதியத்திலிருந்து நாங்கள் வாசலில் நின்று பெல்ட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், கார் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது.

பின் சீட்டில் அண்ணி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மடியில் குழந்தையும் அதே போல.

அண்ணன் இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, மூச்சு மாதிரி சொன்னார்: “கிருஷ்ணகிரி தாண்டினதும் தூங்கிட்டாங்கடா. ஆஃப் பண்ணா முழிச்சிக்குவாங்க.”

அப்போது தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபடி திரும்பியது. நான் செருப்புகூடப் போடாமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதன் எதிரே ஓடினேன்.