நாற்பது பக்கத்துக்கு ஒரு வால்

சாயங்காலம் ஐந்து மணிக்குள் வெப்சைட்டை ஓட வைக்காவிட்டால் இனி கம்ப்யூட்டரையே தொடுவதில்லை என்று வெள்ளைச்சாமி சபதம் செய்தபோது மணி மூன்று.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். அடையாற்றில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர், ரவிக்கைத் துணியில் தைத்த உறை போட்டுக்கொண்டு, ஆயுதபூஜைக் குங்குமம் அழியாமல், மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகலாம். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, ஓய்ந்து, ஒருவழியாக லைன் கிடைத்தால் வீட்டில் பிரசவம் நல்லபடியாக முடிந்த நிம்மதி. இன்றைக்கு எல்லாம் சத்தமில்லாமல் கிடைக்கிறது. அந்த நிம்மதியைத்தான் காணோம்.

ஐந்து மணிக்கு வரப்போவது அவர் மனைவி சண்முகவடிவின் அண்ணன். தி.நகரில் பாத்திரக் கடை. தங்கை புருஷன் 'பொட்டியில விளையாடுற ஆளு' என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம். அதை மாற்றத்தான் வெள்ளைச்சாமி அந்தக் கடைக்கு நாற்பது பக்கத்தில் வெப்சைட் கட்டியிருந்தார். கட்டிய விதத்தில் அவருக்குத் தனிக் கர்வம்.

"அடுக்கு கேரியர் மாதிரி, வடிவு! தலை ஒரு ஃபைல், உடம்பு பக்கத்துக்கு ஒரு ஃபைல், வால் ஒரு ஃபைல். எவன் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், சர்வர்ல இருக்கற என் ஸ்கிரிப்ட் மூணையும் அடுக்கிக் குடுத்துரும். வால்ல ஒரு எழுத்தை மாத்தினாப் போதும், நாப்பது பக்கத்துலயும் மாறிடும்!"

வாலில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'ஆக்கம்: வெள்ளைச்சாமி, எம்.சி.ஏ.' குடம் முதல் கரண்டி வரை அத்தனை உடம்புகளையும் டைப் அடித்தவள் சண்முகவடிவு.

"ஏங்க, எம் பேரு?"

"டைப் அடிச்சவங்க பேரையெல்லாம் யாரு போடுவா?"

"சரிங்க."

இப்படி ஒற்றைச் சொல்லில் அவள் அடங்கினால் பயப்பட வேண்டும் என்பது பதினோரு வருஷ அனுபவம். அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று.

காலை வரை ஓடிய ஸ்கிரிப்ட் மத்தியானம் படுத்துவிட்டது. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் 'சர்வருக்குள் கோளாறு' என்று ஒரே பல்லவி. தலையைக் கழற்றினார். வாலைக் கழற்றினார். முண்டத்தை மட்டும் அனுப்பிப் பார்த்தார். பல்லவி மாறவில்லை.

நாலரை மணிக்கு வடிவு வந்து முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"காலையில இதுல என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. லட்சணமா இருக்கட்டுமேன்னு வெட்டியா கெடந்த காலி வரியெல்லாம் எடுத்தேன்."

"'இந்தா, வெப் பக்கம் வருது'ன்னு சர்வருக்குச் சொல்ற முதல் வரி இருக்கே, அதுக்குக் கீழ இருந்ததையுமா?"

"அதுவும் காலிதானே?"

"நல்லாருக்கு! விலாசத்துக்கும் கடுதாசிக்கும் நடுவுல வரி விடலேன்னா டைப்ரைட்டிங் கிளாஸ்ல ஜமீலுன்னிசா டீச்சர் ஸ்கேலாலயே போடுவாங்க. எது விலாசம், எது விஷயம்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

சர்வரும் ஜமீலுன்னிசா டீச்சர் கட்சிதான்.

"எந்திரிங்க. நான் சரி பண்ணி அனுப்பறேன். அண்ணனுக்கு பஜ்ஜி போடணும், மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்கா வாங்கிட்டு வாங்க."

அவர் திரும்பியபோது மச்சான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அண்டாக்கள் தகதகத்தன. வடிவு பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெள்ளைச்சாமிக்கு உயிர் வந்தது.

"பார்த்தீங்களா மச்சான்! லேசுப்பட்ட வேலை இல்ல. ராப்பகலா மூளையைக் கசக்கி..."

"அம்சமா இருக்கு மாப்ள." மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தின் அடிவரை இறங்கினார். ஏதோ படித்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கேயும் படித்தார். அதற்கடுத்த பக்கத்திலும்.

வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார்.

'ஆக்கம்: சண்முகவடிவு. உதவி: வெள்ளைச்சாமி.'

நாற்பது பக்கத்திலும். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருடைய ஸ்கிரிப்ட் அவ்வளவு நேர்த்தி.

"உதவின்னு போட்டிருக்கே மாப்ள, நீங்க என்ன உதவி பண்ணீங்க?"

அடுப்படியில் எண்ணெய் சொய்யென்றது. பதிலும் அங்கிருந்துதான் வந்தது.

"வாழைக்கா வாங்கியாந்தாருண்ணே!"