மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பலாப்பழம்

இந்திய மருத்துவத் துறையின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். சித்தார்த் என்கிற அடியேன் எந்தக் கல்லூரியில் டாக்டருக்குப் படிப்பது என்பதை முடிவு செய்ய ‘உயர்மட்டக் குழு’ கூடியது அங்கேதான்.

குழுவின் தலைவர் ராஜாமணி மாமா, அம்மாவின் தம்பி. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். பஜாரில் உள்ள தன் கடையை ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு வாடகைக்கு விட்டிருப்பதால் மருத்துவத்தில் அவர் சொல்வதே இறுதி. பவானி அத்தை, அப்பாவின் அக்கா; இரண்டு முழங்காலிலும் வலி உள்ளவர் என்ற தகுதியில் நோயாளிகளின் பிரதிநிதி. அப்பா பொன்னுரங்கம் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி சூப்பர்வைசர். மற்றவர்கள் சொல்வதை வழிமொழிவது அவர் பொறுப்பு. ‘சம்பந்தப்பட்ட நபர்’ என்ற முறையில் எனக்குக் காபி எடுத்து வர அனுமதி இருந்தது.

இரண்டாவது முயற்சியில் நான் வாங்கியிருந்த நீட் மார்க்குக்கு சிதம்பரமும் கிடைக்கும், தூத்துக்குடியும் கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. கவுன்சலிங்கில் எதை முதலில் போடுவது என்பதே கேள்வி. மறுநாள் மாலைக்குள் கம்ப்யூட்டரில் பூட்டியாக வேண்டும். பூட்டினால் திறக்காது.

“தூத்துக்குடி நல்ல ஊரு. கடல் இருக்கு” என்றேன்.

“இங்க மட்டும் இன்னா இருக்குதாம்?” என்று அத்தை ஜன்னலைத் திறந்துவிட்டார்.

உண்மைக் காரணத்தைச் சபையில் சொல்ல முடியாது. ரிசல்ட் வந்த நாள் முதல் தெருவே என்னை டாக்டர் என்று அழைத்து வந்தது. கோயிலுக்குப் போனால் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். தூத்துக்குடியில் எனக்குச் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. மருத்துவக் கல்வியில் இதைவிடச் சிறந்த உள்கட்டமைப்பு வசதி வேறென்ன?

மாமா தொண்டையைச் செருமினார். “பொண்ணு குடுக்குற எடத்தையே நேர்ல போய்ப் பாக்குறோம். புள்ளையக் குடுக்குற எடத்தப் பாக்க வாணாமா? காலையில சிதம்பரம் கெளம்புறோம்.”

“அதான் சரி மச்சான்” என்று அப்பா வழிமொழிந்தார். அன்றைக்கும் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டே வழிமொழிந்தார்.

மாமா எந்த ஆபீசுக்குப் போனாலும் பலாப்பழத்தோடுதான் போவார். பத்திரப் பதிவுக்கும் பலா, மின் இணைப்புக்கும் பலா. மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் வெறுங்கையோடு போவாரா? பஸ்ஸில் பழத்துக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எதிர்கால டாக்டர் நின்றுகொண்டு வந்தார்.

சிதம்பரத்தில் வாசலில் காவலாளி கேட்டார்: “யாரப் பாக்கணும்?”

“காலேஜப் பாக்கணும்” என்றார் மாமா.

“ஆஸ்பத்திரி வழியா போறவங்க பேஷண்டா இருக்கணும் சார்.”

மாமா ஒரு கணம் யோசித்தார். நிர்வாகத் திறமை என்பது அந்த ஒரு கணம்தான். நேராகப் போய் எனக்கு ஒன்று, தமக்கு ஒன்று, அத்தைக்கும் அப்பாவுக்கும் ஒவ்வொன்று என்று ஓ.பி. சீட்டுப் போட வரிசையில் நின்றார்.

“என்ன பண்ணுது?” என்று கவுண்டரில் கேட்டார்கள்.

“இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலம்மா. சேத்தப்புறம்தான் தெரியும்.”

‘ஆய்வு’ தொடங்கியது. மாமா சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் இருப்பதைக் கண்டு நற்சான்று வழங்கினார். அத்தை, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஒருவரிடம் குனிந்து, “இங்க படிப்பெல்லாம் எப்படிப்பா?” என்று விசாரித்தார்.

“தெரிலக்கா. எனக்கு அப்பெண்டிக்ஸ்.”

அதற்குள், நாங்கள் நுழைவுச் சீட்டாக மட்டுமே கருதிய ஓ.பி. சீட்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. “பொன்னுரங்கம் யாருங்க?” என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். சிந்துஜா என்று பெயர்ப் பட்டை குத்திய ஒரு பயிற்சி டாக்டர், ஒரு கையில் பிஸ்கட்டும் மறு கையில் பிரஷர் பார்க்கும் பட்டையுமாக நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா வந்தோம்” என்று அப்பா நெளிந்தார்.

“சும்மா உக்காருங்க மாமா. மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கலாம்” என்று அப்பாவை உட்கார வைத்தார் ஆய்வுக் குழுத் தலைவர்.

அந்தப் பெண் ஒரு தடவை பார்த்தார். பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். “மேல நூத்தித் தொண்ணூறு. கீழ நூத்திப் பத்து.”

“எங்க அக்கா வீட்டுக்காரரு எதுலயும் ஜாஸ்தி மார்க்தான்” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

“மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?”

“சாப்ட்டுக்கிட்டு இருந்தேம்மா. நிறுத்திட்டேன்.”

“ஏங்க?”

அப்பா என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். “புள்ள டாக்டராவப் போறான். நம்ம வீட்லயே டாக்டர் வரும்போது இன்னொருத்தர்கிட்ட எதுக்குக் காட்டிக்கிட்டுன்னு...”

“எப்ப வருவாரு?”

“அஞ்சரை வருசம் ஆவும்மா.”

சிந்துஜா என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் அந்த டாக்டரா?”

“இன்னும் சாய்ஸ் லாக் பண்ணலைங்க” என்றேன்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அத்தையின் முழங்கால் இரண்டும் எனக்காகவே ‘ஒதுக்கீடு’ செய்யப்பட்டிருந்தன. மாமாவின் சர்க்கரையும் என் பெயரில் முன்பதிவு. அங்கேயே விரலில் குத்திப் பார்த்ததில் அதுவும் முந்நூறைத் தாண்டி நின்றது. படிப்பதற்கு முன்பே இத்தனை நோயாளிகள் நம்பிக் காத்திருக்கும் மருத்துவர் உலகத்தில் என்னைத் தவிர எவரும் இருக்க முடியாது.

“வீட்டுக்கு ஒரு டாக்டர் வேணும்னு ஆசப்படுறீங்க, தப்பில்ல” என்றார் சிந்துஜா. “இங்க நாங்க இத்தன பேரு இருக்கோம். யாராவது ஒருத்தரத் தத்தெடுத்துக்குங்களேன்.”

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?”

மாமா பலாப்பழத்தை மேசைமேல் வைத்தார். சர்க்கரை நோயாளி பலாப்பழத்தோடு அலையக் கூடாது என்று சிந்துஜா அதைத் திருப்பித் தந்தார். மாமாவின் பொதுவாழ்வில் ஒரு பழம் திரும்பி வந்தது அதுவே முதல் முறை.

அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, பிரஷர் இறங்கும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“தூத்துக்குடியே போடுடா. உனக்கு அங்கதான இஷ்டம்? நான் மாத்திரய ஒழுங்கா சாப்ட்டுக்கிறேன்.”

யாரையும் வழிமொழியாமல் அப்பா தாமாகச் சொன்ன முதல் தீர்மானம் அது. அதைத்தான் நான் நிராகரித்தேன். தூத்துக்குடிக்குப் போனால் இவர்கள் நோயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கடலூரில் காத்திருப்பார்கள். சிதம்பரத்தில் இருந்தால் என்னைப் பார்க்க வருவார்கள். வருகிறவர்களைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிடலாம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே செல்போனில் சிதம்பரத்தை முதலில் போட்டுப் பூட்டினேன்.

“காலேஜு நமக்குப் புடிச்சுப் போச்சு” என்று மாமா குழுவின் ஏகமனதான முடிவை அறிவித்தார்.

இப்போது நான் முதல் வருட மாணவன். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இல்லாததால், என்னைப் பார்க்க விரும்புவோர் திங்கட்கிழமை மட்டுமே வர வேண்டும் என்று குடும்பத்துக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறேன். அப்பாவின் பிரஷர் இறங்கிவிட்டது. அத்தை முழங்காலுக்குப் பயிற்சி செய்கிறார். சிந்துஜாவின் ஜாதகத்தையும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போன திங்கட்கிழமை மாமா வந்தார், பழத்தோடுதான்.

“சுகர் மாத்திர சாப்புடுறியா மாமா?”

“அன்னிக்கே வாங்கிட்டேன் மாப்ள. பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். நீ டாக்டராயி ஒங்கையால எடுத்துக் குடு. அப்பதான் சாப்புடுவேன்.”

என்மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கையை நினைத்தால் கண் கலங்குகிறது. அந்த மாத்திரைக்குக் காலாவதித் தேதியை அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மாமாவுக்கு அதை எங்கே அச்சடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் அனாட்டமி வகுப்பில் இன்னும் சொல்லித் தரவில்லை.