அசையாமல் இரு, சொர்ணம்!

மனைவியை ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. மைத்துனனையாவது ஜெயிக்கலாம் என்றுதான் சபதம் போட்டேன்.

மைத்துனன் சோமு தலத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நான் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் என் மனைவி சொர்ணாம்பாளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் படமெடுத்தேன். ஜன்னல் பளிச்சென்று வந்தது. சொர்ணம் அடுப்புக்கரியாக வந்தாள். சோமு சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வா. உன் ஸ்டுடியோவே வெக்கப்படுற மாதிரி ஒரு படம் காட்டறேன். இல்லேன்னா இந்தக் கேமரா உனக்குத்தான்!"

நடந்தது 2008இல். ஆபீஸ் நண்பர் நூர் அகமது ஒரு மென்பொருளை சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார். அதைத்தான் மலைபோல் நம்பினேன்.

"சும்மா எவன் குடுப்பான்? வைரஸா இருக்கப் போவுது" என்றாள் சொர்ணம்.

"இது இலவசம். ஒரே இடத்தை மூணு படம் எடுக்கணும். ஒண்ணு இருட்டா, ஒண்ணு நடுத்தரமா, ஒண்ணு வெளிச்சமா. மூணுலயும் நல்லதைப் பொறுக்கி ஒண்ணாக்கிடும்."

"மூணு முடிச்சுல மாட்டுனது போதாதுன்னு இது வேறயா?"

ஞாயிறு காலை ஸ்டூல்மேல் கேமராவை வைத்து எடுத்தேன். இரண்டாவது படத்தில், பால் பொங்குகிறதென்று திரும்பிவிட்டாள். எங்கள் பழைய கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரம் முனகிவிட்டு அவளுக்கு இரண்டு மூக்கு கொடுத்தது.

"படம் சரியா வர்ற வரைக்கும் நாற்காலியை விட்டு அசையவே கூடாது!"

"அப்ப வீட்டு வேலை?"

"நான் பாத்துக்கறேன்."

விதி என் வாயில் உட்கார்ந்து பேசிய இரண்டு வார்த்தை அது. வாசலில் பட்டினச்சேரி மாரியம்மாள் மீன்கூடையை இறக்கினாள்.

"ஏங்க, கெழங்கா மீனு அரைக்கிலோ வாங்குங்க. செதிலு போவ நல்லா ஆயுங்க."

"நானா?"

"நான் அசையலாங்களா?"

ஆய்ந்தேன். செதில் மூக்குக்கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"புளி கரைச்சீங்களா?"

"ஆச்சு."

"கொல்லையில துணி ஊறுது."

"பாக்கறேன்."

"முதுகுக்கு ஒரு தலவாணி."

வாய் அசைவதை நிறுத்த இன்னும் யாரும் மென்பொருள் எழுதவில்லை. நடுநடுவே மீன் கையோடு ஓடிவந்து மும்மூன்றாக எடுத்தேன். கடற்காற்றில் ஜன்னலுக்கு வெளியே தென்னை ஆடியது. பிறகு அவள் முந்தானை ஆடியது. மதியம் கையும் அசையக் கூடாதென்று சொல்லிவிட்டாள். ஊட்டிவிட்டேன். உப்பு கம்மி என்றாள்.

மூன்று மணிக்குக் காற்று கொஞ்சம் அடங்கியதும் கடைசி முயற்சி. "இமைகூட அசையக் கூடாது" என்றேன். "சரிங்க" என்றாள். கல்யாணமாகி முதல் 'சரிங்க'. கம்ப்யூட்டர் முனக, நான் துணி துவைத்தேன்.

படம் வந்தது. புடவை ஜரிகை தெரிந்தது. தென்னங்கீற்று ஒவ்வொன்றும் தெரிந்தது. மேகம் தெரிந்தது. முகம் சொக்கத் தங்கம். கண் மட்டும் மூடியிருந்தது. மூன்று படத்திலும்! செதில் ஒட்டிய கண்ணாடிக்கு, எடுக்கும்போது எங்கே தெரிந்தது?

"சொர்ணம், கண்ணை ஏன் மூடுனே?"

"திறந்து வெச்சா இமை அசையுமில்லங்க. அதான் மூடியே வெச்சுக்கிட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை எடுக்கலாமென்று கேமராவை நோக்கி ஓடினேன். வாசலில் சோமுவின் பைக் வந்து நின்றது. காலையிலிருந்து அசையாத சொர்ணம் எழுந்து, சோம்பல் முறித்து, தம்பியை வரவேற்கப் போனாள். போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள்:

"ஏங்க, கேமராவைக் குடுக்கறதுக்கு முந்தி நல்லாத் தொடைச்சிடுங்க. மீன் வாடைன்னா தம்பிக்கு ஆவாது."