சூயினின் கஷாயம்

கிண்ணத்தை வாயருகே கொண்டுபோவதற்குள் சூயினுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"செருப்பை ஊறப்போட்ட தண்ணி மாதிரி இருக்குங்க. என்னால முடியாது."

அவள் கணவன் கெங் லியாங் சமையலறையை எட்டிப் பார்த்தான். அம்மா கஷாயச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. கர்ப்பப்பையில் குளிர் தங்கிவிட்டதோ என்று அம்மாதான் மருமகளை வைத்தியர் பாவ் என்பவரிடம் இழுத்துப் போனாள். துணைக்குப் போன லியாங்கின் நாடியையும் வைத்தியர் போகிற போக்கில் பிடித்துப் பார்த்தார். அன்று முதல் வீடு முழுக்க ஒரே வேர் நாற்றம்.

"அம்மா வர்றதுக்குள்ள இப்படிக் கொடு" என்று வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு செத்தே போயிற்று.

அம்மா வந்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"என் தங்கமே! இவ்வளவு சுலபமா இறங்குதா? அப்ப நாளையிலேர்ந்து ரெண்டு கிண்ணம்!"

ரெண்டையும் அவனே குடித்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் இடத்தில் அவன் ஏப்பம் விட்டால், கூட வேலை செய்யும் தாவ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உனக்கு எத்தனையாவது மாசம்டா?" என்று கேட்டான்.

அடுத்தது பத்தியம். "மருந்து சாப்பிடறவ மிளகாயைத் தொடக்கூடாது" என்றாள் அம்மா. காரத்துக்குப் பேர்போன செங்டு நகரத்தில் மிளகாயை விடச் சொல்வதும் மூச்சை நிறுத்தச் சொல்வதும் ஒன்றுதான்.

"எதிர்ல உக்காந்து நீங்க மிளகாய்க் குழம்புல கறியை முக்கித் தின்னா, நான் எப்படிங்க பொறுத்துப்பேன்?" என்று சூயின் விசும்பினாள். அவனும் வெறும் கஞ்சிக்கு இறங்கினான். சிகரெட் புகை அவளுக்கு ஆகாதாம். அதுவும் போயிற்று. பீர் வாடை குமட்டுதாம். அதுவும்.

பிறகு மாசிபத்திரி போட்ட வெந்நீரில் கால் வைக்க வேண்டும் என்றார்கள். "ஐயோ, கூசுது!" என்று சூயின் காலை இழுத்துக்கொள்ள, இவன் அவசரமாகத் தன் காலை விட்டான். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"யாரு காலுடா அது?"

"சூடு... சூடு பாக்கறேம்மா."

"நல்லாப் பாரு. தண்ணி ஆறுற வரைக்கும் பாரு."

வசந்தம் வந்தபோது சூயின் புளிப்புப் பிளம் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கர்ப்பம்தான் என்றார்கள். அம்மா தெருவெல்லாம் நின்று பேசினாள்.

"என் மருமக ஒரு சொட்டு மிச்சம் வைக்கல! இனிமே கரு தங்கறதுக்கு வேற கஷாயம் தருவாராம் வைத்தியர்."

முதல் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று நம்பி அடுத்ததைக் கொடுத்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? லியாங் வேலையைப் போட்டுவிட்டு வைத்தியரின் மருந்துக்கடைக்கு ஓடினான்.

"ஐயா, என்னை என்ன வேணா திட்டுங்க" என்று வைத்தியர் முன் கைகட்டி நின்றான். "சூயின் அந்தக் கஷாயத்தை நாக்குலகூட வைக்கல. அவ அழறதைப் பாக்க முடியாம எல்லாத்தையும் நானே குடிச்சுட்டேன்."

வைத்தியர் பாவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

வேர்களை நிறுத்துக்கொண்டிருந்த கடை ஊழியர் ஹுவாங் அக்கா தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அது உங்க மருந்துதானே தம்பி! குறை உங்ககிட்டன்னு சொன்னா தொடமாட்டீங்க, பொண்டாட்டி அழுதா பிடுங்கிக் குடிச்சிடுவீங்கன்னு உங்கம்மா சொன்னது சரியாப் போச்சு."