மாற்றுப் படம் கிடைக்காத கடிகாரம்

கிஷோரின் கட்டுரையில் படம் ஏறியிருந்தது.

டெஸ்மண்ட் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். படம் அப்படியேதான் இருந்தது. சந்தை வாசலில் நின்ற பழைய கடிகாரக் கோபுரம். உச்சியில், முன்னும் பின்னுமாக இரண்டு முகம் கொண்ட பித்தளைக் கடிகாரம். கோபுரத்தை எண்பதுகளிலேயே இடித்துவிட்டார்கள். இந்தப் பையனுக்குப் படம் எங்கே கிடைத்தது?

"பழைய காலண்டர் சார்," என்று அடுத்த நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான் கிஷோர். "நல்லா இருக்குல்ல?"

"ம்," என்றார் டெஸ்மண்ட். அந்த 'ம்' வெளியே வருவதற்கே சிரமப்பட்டது.

இருவரும் ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர்கள். அடுத்தவர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஓய்வு நேரத்தில், பெங்களூர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினார்கள். மாதம் ஒரு கட்டுரை அதன் முதல் பக்கத்தில் வரும். தேவாலய மணிகளைப் பற்றி டெஸ்மண்ட் எழுதிய கட்டுரை 2006-லிருந்து வரிசையில் நின்றது. இப்போது 2008.

அதில் படம் கிடையாது. டெஸ்மண்டிடம் நல்ல கேமரா உண்டு, அதைவிட நல்ல கண் உண்டு. ஆனால் படம் தரமாட்டார். சொந்தப் படத்தைக் களஞ்சியத்தில் ஏற்றினால், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சம்மதிக்க வேண்டும். பிறகு மனசு மாறினாலும் திரும்ப வாங்க முடியாது. ஒருமுறை கிஷோர் கெஞ்சிக் கேட்டபோது, "என் படத்தைப் போட்டு எவனாவது பிஸ்கட் விப்பான் மேன், போ!" என்று விரட்டிவிட்டார்.

அன்றே கட்டுரையின் விவாதப் பக்கத்தில் ஒரு புகார் எழுதினார். 'காலண்டர் அச்சகத்தாரின் பதிப்புரிமை. நீக்கவும்.'

களஞ்சியத்தின் நிர்வாகி அம்புஜம். ஸ்ரீராம்புரத்தில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் திருத்துகிற நிதானத்தோடு பதில் எழுதினார். பிறருடைய படத்தையும் சில சமயம் அனுமதியின்றிப் போடலாம். நியாயமான பயன்பாடு என்று அதற்குப் பெயர். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். யாரும் அச்சடித்து விற்க முடியாத அளவுக்குப் படம் சிறியதாக இருக்க வேண்டும். கட்டுரை அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். முக்கியமாக, அதற்கு மாற்றாக வேறு படம் யாராலும் எடுக்க முடியாத நிலை இருக்க வேண்டும்.

டெஸ்மண்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எத்தனை விதி இருக்கிறதோ அத்தனை பிழை கண்டுபிடிக்கலாமே!

"படம் பெருசா இருக்கு," என்றார்.

"கரெக்ட் சார்!" என்று கிஷோர் சுருக்கினான். பக்கம் சட்டென்று திறக்கிறது என்று வாசகர்கள் பாராட்டினார்கள்.

"படத்தைப் பத்தி கட்டுரைல ஒரு வரி இல்ல."

"தேங்க்ஸ் சார், இது எனக்குத் தோணவே இல்ல!" கிஷோர் ஒரு பத்தி எழுதினான். அந்தக் கடிகாரத்தின் இரண்டு முகமும் ஒருநாளும் ஒரே நேரம் காட்டியதில்லையாம். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஒரு முகத்தையும், ஆபீசுக்குத் தாமதமானவர்கள் இன்னொரு முகத்தையும் நம்பினார்களாம். பத்தியின் கடைசியில், 'இடித்த பிறகு கடிகாரம் சிவாஜிநகர்ப் பழைய இரும்புக் கடை ஒன்றுக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.'

அந்தப் பத்தி பிரமாதம் என்று வீட்டில் மனைவி பவுலினே சொன்னாள்.

"அந்தப் பையன் எப்படி எழுதறான் பாருங்க! நீங்க மணி எத்தன கிலோன்னு எழுதியிருக்கீங்க."

டெஸ்மண்டின் காது சிவந்தது. ஆனால் கடைசி வரி அவர் கண்ணில் பட்டுவிட்டது. கடிகாரம் எங்கேயோ இருக்கிறது என்றால், அதைப் படம் எடுக்கலாம். படம் எடுக்கலாம் என்றால், மாற்றுப் படம் உண்டு. மாற்று உண்டென்றால், காலண்டர் படம் காலி!

ஞாயிறு பூசை முடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டினார்.

"மட்டன் வாங்கிட்டு வாங்க!" என்றாள் பவுலின்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கியர் பாக்ஸ்களும் ரேடியேட்டர்களும் குவிந்த சந்துகளில் கடை கடையாக விசாரித்தார். இல்லை, இல்லை என்றார்கள். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, "பன்னி சார், உள்ள பன்னி," என்று கன்னடம் கலந்து வரச் சொல்லிக் கூப்பிட்டார் ஒரு கடைக்காரர். பெயர் அய்யாவு.

கடை முழுக்கத் துரு. நடுவில் அந்தக் கடிகாரம் மட்டும் தகதகவென்று, காலை வெயிலைப் பார்த்து நின்றது. தன் அதிர்ஷ்டத்தை டெஸ்மண்டாலேயே நம்ப முடியவில்லை. சுற்றிச் சுற்றி எடுத்தார்.

"எனக்கும் அந்தப் படத்துல ஒரு காப்பி போட்டுக் குடு சார்," என்றார் அய்யாவு. தருவதாகச் சொன்னார் டெஸ்மண்ட்.

மட்டன் மறந்துபோயிருந்தது.

ஏற்றும் பொத்தானுக்கு மேல் விரல் கொஞ்சம் தயங்கியது. யாரும் எடுக்கலாம், திரும்ப வாங்க முடியாது. பிஸ்கட் விற்றாலும் கேட்க முடியாது. பிறகு கிஷோரின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டார். அழுத்திவிட்டார்.

காலண்டர் படம் போயிற்று. டெஸ்மண்ட் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். கிஷோரும் குடித்தான்.

அடுத்த திங்கட்கிழமை களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் கடிகாரக் கோபுரக் கட்டுரை வந்திருந்தது. டெஸ்மண்டின் படம், கிஷோரின் பெயர்.

"எப்படி டீச்சர்?" என்று போனில் கத்தினார்.

"முதல் பக்கத்துக்குப் படம் வேணும், ஆனா அங்க இரவல் படம் போடக் கூடாதே சார். அதனாலதான் இவ்வளவு நாள் அது நின்னுட்டிருந்தது. நீங்க சொந்தப் படம் குடுத்தீங்க, தடை போச்சு. ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு!"

விதி டெஸ்மண்டுக்கும் தெரியும். பொறாமையில் மறந்துபோயிருந்தது.

"போகட்டும்," என்று தேற்றிக்கொண்டார். படம் பேசப்படுகிறது. கடிகாரத்தைத் தேடிக் கண்டுபிடித்தது தான்தானே, கிஷோர் இல்லையே!

சொன்ன வாக்குக்காக, சனிக்கிழமை ஒரு பிரதி போட்டுக்கொண்டு சிவாஜிநகர் போனார். அய்யாவு ஒரு பழைய தீயணைப்பு வண்டியின் மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்புக் கடைல இத எதுக்கு இப்படித் தேய்க்கிறீங்க?"

"கிஷோர் சார் சொல்லிட்டுப் போனாரு சார், அடுத்த கட்டுரைக்காம். கடிகாரத்துக்கும் அவருதான் சொன்னாரு: 'நல்லா துடைச்சு வெயிலுக்குத் திருப்பி வைங்கண்ணே, டெஸ்மண்ட்னு ஒருத்தர் கேமராவோட கோவமா வருவாரு.'"